நிற்கும் இடமும் ஊசி இறங்கும் இடமும்

இறைச்சிக்காக மாடு வளர்ப்பவருக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தத் தொழிலில் தவறு நடக்கும் இடம் வேறு, அது வெளிப்படும் இடம் வேறு. கறவை மாடு வைத்திருப்பவர் காலையில் அவசரப்பட்டு மாட்டை அடித்தால், அது பாலை அடக்கிக்கொள்ளும். அன்றைக்கே பதில் கிடைத்துவிடும். இறைச்சி மாட்டுக்காரருக்கு அப்படிப் பதில் வருவதில்லை. வசந்தத்தில் கன்றுக்குப் பின்தொடையில் போட்ட ஊசியின் தழும்பு, ஓராண்டுக்கும் மேல் கழிந்து, வேறொரு மாநிலத்தில், அவர் முகமே பார்த்திராத ஒருவரின் கத்தியில் தட்டுப்படும். ஊசி போட்டவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் அடுத்த வசந்தத்திலும் அதே இடத்தில் ஊசி போடுவார். அவர் மோசமான ஆள் இல்லை. யாரும் அவரிடம் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தச் செய்தியை உரியவரிடம் கொண்டு சேர்ப்பதே பயிற்சியின் முதல் வேலை.

அமெரிக்க மாட்டுத் தொழில் இதை நாடு தழுவிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. இறைச்சியில் மருந்து எச்சம் தங்குகிறது என்ற அச்சம் எழுந்த 1980களில் வேர்விட்ட முயற்சி, பின்னர் பீஃப் குவாலிட்டி அஷ்யூரன்ஸ், சுருக்கமாக பி.க்யூ.ஏ., என்ற பெயரில் மாநிலம் மாநிலமாகப் பரவியது. விற்கும் ஒவ்வொரு மாட்டுக்கும் வளர்ப்பவர்கள் 1 டாலர் கட்ட வேண்டும் என்று 1985-இல் வந்த சட்டத்தின் வழியே சேரும் நிதிதான் இதைத் தாங்குகிறது. சேருவது அவரவர் விருப்பம். வகுப்பு நேரிலும் உண்டு, இணையத்திலும் உண்டு. சான்றிதழ் 3 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பெரிய இறைச்சி நிறுவனங்கள் இந்தச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கிய பிறகு அதை வாங்குவோர் பெருகினார்கள். ஆனால் சான்றிதழ் வாங்கியதாலேயே கைப்பழக்கம் மாறிவிடாது. இந்த அத்தியாயம் கைப்பழக்கத்தை மாற்றுவது பற்றியது.

ஊசியில் தொடங்குங்கள்

முதல் பாடமாக எதை எடுப்பது என்று கேட்டால், தயங்காமல் ஊசியைச் சொல்வேன். உபதேசத்துக்கு மாட்டுக்காரர்கள் காது கொடுப்பதில்லை, கணக்குக்குக் கொடுப்பார்கள். ஊசியின் கதையில் கணக்கு தெளிவாக இருக்கிறது.

அமெரிக்காவின் முதல் தேசிய மாட்டிறைச்சித் தரத் தணிக்கை 1991-இல் நடந்தது. அந்த நாட்களில், இடுப்புக்குப் பின்னால் வரும் சர்லாயின் துண்டுகளை வெட்டிப் பார்த்தபோது ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஊசித் தழும்பு இருந்தது. காரணம் எளிது. ஒடுக்குப் பாதையில் மாடு வரிசையாக நிற்கும்போது கைக்கு எட்டுவது பின்பக்கம். தசையும் அங்கே தடிமன். தலைமுறை தலைமுறையாக அங்கேயே போட்டுப் பழகியிருந்தார்கள். ஆனால் மாட்டின் விலை உயர்ந்த ஸ்டேக் துண்டுகள் கிடைப்பதும் அங்கேதான். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதை மேலும் தோண்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் தழும்பை வெட்டி எறிந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றி 7 செ.மீ. தூரம் வரை நல்லதாகத் தெரியும் இறைச்சியும் கடினப்பட்டிருக்கிறது என்று கண்டார்கள். சின்னக் கன்றாக இருந்தபோது போட்ட ஊசியின் தடமும் அறுக்கும் நாள் வரை மறையாமல் இருந்தது.

இதற்குச் சொன்ன மருந்து ஒரே வரி: எல்லா ஊசியையும் கழுத்தில் போடு. புது இயந்திரம் வரவில்லை, புதுச் சட்டம் வரவில்லை. கூட்டம் கூட்டமாக வளர்ப்பவர்களை அழைத்து, வெட்டிய இறைச்சியின் படத்தைக் காட்டினார்கள். 2000 வாக்கில் அந்தத் தழும்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. பயிற்சியால் என்ன நடந்துவிடப் போகிறது என்று கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

சொன்னால் மட்டும் போதாது, இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். மாட்டின் கழுத்தில் ஒரு முக்கோணம் இருக்கிறது. மேல் ஓரத்தில் பிடரியைத் தாங்கும் தடித்த நாண். கீழே கழுத்தெலும்பு வரிசை, அதற்கும் கீழே பெரிய இரத்தக் குழாய் ஓடும் பள்ளம். பின்னால் தோள்பட்டையின் முன்விளிம்பு. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஊசி இறங்க வேண்டும். மருந்துச் சீட்டு இரண்டு வழியையும் அனுமதித்தால் தசையில் போடாமல் தோலுக்கடியில் போடச் சொல்லுங்கள். தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். ஓரிடத்தில் 10 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது ஊசிக்கு ஒரு கை அகலம், அதாவது 10 செ.மீ., தள்ளிப் போக வேண்டும். பத்துப் பதினைந்து மாட்டுக்கு ஒருமுறை ஊசி முனையை மாற்ற வேண்டும். வளைந்த ஊசியை நிமிர்த்திப் போடுவது பல பண்ணைகளில் உள்ள பழக்கம். அதை அங்கேயே நிறுத்துங்கள். நிமிர்த்திய ஊசிதான் உள்ளே முறியும். முறிந்த முனை உடலில் தங்கிய மாட்டுக்கு உடனே அடையாளம் வைக்க வேண்டும். அதை எடுக்க முடியாவிட்டால் அந்த மாடு ஒருபோதும் விற்பனைக்குப் போகக் கூடாது.

பயிற்சிக்கு ஒரு நல்ல வழி உண்டு. எலும்பில்லாத பெரிய இறைச்சித் துண்டு ஒன்றை வாங்கி மேசையில் வையுங்கள். ஊசிக்குழலில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, வகுப்பில் இருப்பவர் ஒருவரையே 10 மி.லி. ஏற்றச் சொல்லுங்கள். பிறகு கத்தியை அவர் கையில் கொடுத்து விரல் தடிமனில் வெட்டச் சொல்லுங்கள். சாயம் தசை நார்களுக்கிடையே ஓடி, இரண்டு மூன்று துண்டுகளிலும் கோடு கோடாகத் தெரியும். அதன் பிறகு நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

ஊசியோடு சேர்ந்தது தடுப்பு மருந்து. உயிருள்ள நுண்ணுயிர் அடங்கிய தடுப்பு மருந்தைக் கலக்கிய பிறகு ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய புட்டி, வெயிலில் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் கிடப்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். அந்த மருந்து தண்ணீருக்குச் சமம். ஊசிக்குழலின் உட்புறத்தைச் சோப்பு, கிருமிநாசினி போட்டுக் கழுவினாலும் மருந்து செத்துவிடும். கொதித்த வெந்நீர் போதும்.

ஆன்டிபயாடிக் மருந்துக்கு விலக்குக் காலம் உண்டு. கடைசி ஊசி போட்ட நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள் என்று எண்ணி, அத்தனை நாளும் கழிந்த பிறகே மாட்டை அறுப்புக்கு அனுப்பலாம். மனிதருக்கும் பயன்படும் முக்கியமான ஆன்டிபயாடிக் எதையும் 2023 ஜூன் முதல் அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது. எந்த மாடு, எந்த மருந்து, எவ்வளவு, எங்கே, யார் போட்டது, என்றைக்கு அனுப்பலாம் என்ற ஆறையும் எழுதிவைக்கப் பழக்குங்கள். பேனா சட்டைப் பையில் இல்லாவிட்டால் எழுத மாட்டார்கள். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு சிறு நோட்டும் பேனாவும் கொடுத்தனுப்புவது வீண் செலவல்ல.

எங்கே நிற்பது

இதை அறையில் உட்கார்ந்து கற்பிக்க முடியாது. மாடு இருக்கும் பட்டிக்குப் போங்கள்.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் 300 டிகிரிக்கு மேல் அதற்குப் பார்வை உண்டு. நேர் பின்னால் மட்டும் தெரியாது. பக்கவாட்டுப் பார்வையில் தூரமும் ஆழமும் சரியாகப் பிடிபடாது. அதனால்தான் தரையில் விழும் ஒரு நிழல் கோட்டைக் கண்டதும் நின்று, தலையைத் தாழ்த்திப் பார்க்கிறது. அந்த ஒரு கணம் பொறுக்காமல் பின்னாலிருந்து அடிப்பவர்தான் மாட்டைத் திரும்பி ஓடவைக்கிறார். அது பார்த்து முடிக்கட்டும். முதல் மாடு பார்த்துவிட்டு நடந்தால் பின்னால் உள்ளவை தாமாகத் தொடரும்.

ஒவ்வொரு மாட்டுக்கும் விலகல் எல்லை ஒன்று உண்டு. அதற்கு வெளியே நீங்கள் நின்றால் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எல்லைக்குள் கால் வைத்தால் விலகும். கையில் தீவனம் வாங்கித் தின்று பழகிய மாட்டுக்கு அந்த எல்லையே கிடையாது. மேய்ச்சல் வெளியில் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் மனிதரைப் பார்க்கும் மாட்டுக்கு அது பல மீட்டர் விரியும். எல்லையின் விளிம்பில் நின்று, ஓரடி உள்ளே வைத்து, மாடு நகர்ந்ததும் ஓரடி பின்வாங்குவதுதான் வித்தை. பின்வாங்குவதை யாரும் செய்வதில்லை. பின்வாங்கினால்தான், நகர்ந்தால் நெருக்கடி விலகும் என்று மாடு கற்றுக்கொள்ளும்.

அடுத்தது தோள். தோளுக்குப் பின்னால் நீங்கள் நின்றால் மாடு முன்னே போகும். தோளுக்கு முன்னால் நின்றால் பின்வாங்கும். ஒடுக்குப் பாதையில் ஆறேழு மாடு வரிசையாக நிற்கும்போது இதைச் செய்து காட்டுங்கள். பயிற்சிக்கு வந்தவரைப் பாதையின் ஓரமாக, மாடுகள் போக வேண்டிய திசைக்கு எதிராக, தலையிலிருந்து வால் பக்கமாக நடக்கச் சொல்லுங்கள். கையில் ஒன்றும் வேண்டாம், வாயும் திறக்க வேண்டாம். அவர் ஒவ்வொரு மாட்டின் தோளைக் கடக்கும்போதும் அந்த மாடு ஓரடி முன்னே வைக்கும். அவர் கடைசி மாட்டைத் தாண்டும்போது வரிசை முழுதும் நகர்ந்திருக்கும். முன்னே ஓட்ட வேண்டுமென்றால் பின்னாலிருந்து விரட்ட வேண்டும் என்று முப்பது ஆண்டு நம்பியவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது பாதையை ஒட்டி வராமல் விலகல் எல்லைக்கு வெளியே சுற்றி வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் செய்ததெல்லாம் கலைந்துவிடும்.

இந்த அறிவைப் பரப்பியவர்களில் இருவரை வகுப்பில் குறிப்பிடலாம். பட் வில்லியம்ஸ், பண்ணை பண்ணையாகப் போய்ச் சத்தமில்லாமல் மாட்டை நகர்த்திக் காட்டியவர். டெம்பிள் கிராண்டின், 1970களில் அரிசோனாவின் பட்டிகளில் ஒடுக்குப் பாதைக்குள் தாமே இறங்கி, மாட்டின் கண் உயரத்திலிருந்து படமெடுத்துப் பார்த்தவர். தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை, தரையில் மின்னும் தண்ணீர் என மனிதர் கவனிக்காத அற்பப் பொருள்களே மாட்டை நிறுத்துகின்றன என்று அவர் காட்டினார். உங்கள் மாணவர்களையும் மாடு வருவதற்கு முன் அந்தப் பாதையில் குனிந்து நடக்கச் சொல்லுங்கள். கண்டதை அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டெக்ஸாஸ், ஃப்ளோரிடா பக்கம் பிராமன் மாடுகள் அதிகம். திமிலும் அலைதாடியும் கொண்ட இந்த இனம் குஜராத், கிர், ஓங்கோல் (அங்கே நெல்லூர் என்பார்கள்), கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளின் வழியில் அமெரிக்காவில் உருவானது. முரட்டு மாடு என்று அங்கே அதற்குப் பெயர். ஆனால் சின்ன வயதிலிருந்து பரிவாகப் பழகினால் அது மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும்; கொடுமையாக நடத்தினால் அதை மறக்காது. பழியை இனத்தின் மேல் போடுவதை வகுப்பில் ஏற்காதீர்கள்.

நூறு மாட்டுக்கு எத்தனை

நம் கால்நடை மருந்தகங்களில் ட்ரெவிஸ் என்று சொல்லும் சட்டம் போன்றதுதான் அங்கேயுள்ள ஸ்க்வீஸ் சூட். தலையைப் பிடித்து, பக்கவாட்டில் மெல்ல நெருக்கி நிறுத்தும் இரும்புக் கூண்டு. ஒரு பண்ணையில் மாடுகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்று அறிய அதன் பக்கத்தில் நின்று 100 மாடு வரை எண்ணினால் போதும். பி.க்யூ.ஏ. வைத்திருக்கும் வரம்பு இது: கரண்ட் கோல் பட்டது 10 மாட்டுக்கு மேல் போகக் கூடாது, கூண்டைவிட்டு வெளியேறும்போது விழுந்தது 2, தடுக்கியது 10, குதித்து ஓடியது 25, மருந்தோ ஊசியோ போடுவதற்கு முன்பே கத்தியது 5. தலையைத் தவறாகப் பிடித்துச் சரிசெய்யாமல் விட்டது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

திட்டுவதைவிட எண்ணுவது பயன் தரும். முதல் நாள் எண்ணி எழுதுங்கள். கரண்ட் கோலைக் கையிலிருந்து வாங்கி எட்டாத தூரத்தில் வைக்கச் சொல்லி, மறுபடி எண்ணுங்கள். தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் போய் எடுத்துவரட்டும். கையிலேயே இருந்தால் பழக்கத்தால் எல்லா மாட்டுக்கும் வைப்பார்கள். கூண்டுக்கு முந்திய வட்ட அடைப்பில் பாதிக்கு மேல் மாட்டை அடைக்காமல் இருந்தாலே கோலின் தேவை பெரிதும் குறையும், ஏனென்றால் திரும்ப இடம் இருக்கும் மாடுதான் பாதையைத் தேடி நுழையும். ஒருமுறை மிரண்ட மாடு அடங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் அவசரம் உண்மையில் நேரத்தைத்தான் தின்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்பார்கள், கேட்க வேண்டும். கூண்டில் துள்ளும் மாடுகள் அமைதியான மாடுகளைவிட நாள்தோறும் குறைவாகவே எடை கூடுகின்றன என்று கொலராடோவில் 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இன்னொன்று கறுத்த இறைச்சி. பயமும் களைப்பும் பட்டினியும் சேர்ந்தால் தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்து அறுப்புக்கு முன்பே தீர்ந்துபோகும். அறுத்த பிறகு தசை இயல்பாகப் புளிக்காது, அதன் பி.எச். 5.6 அளவுக்கு இறங்காமல் 6-ஐ ஒட்டியோ மேலேயோ நின்றுவிடும். இறைச்சி சிவப்பாக இல்லாமல் கறுத்து, ஒட்டும் தன்மையோடு இருக்கும். வாங்குபவர் தொட மாட்டார். இதுவும் லாரியில் ஏற்றியவருக்குத் தெரியாமலே போகும் இழப்புதான். ஆகவே லாரி ஓட்டுநரையும் வகுப்பில் உட்காரவையுங்கள்.

கன்றும் வெயிலும்

காயடிப்பதும் கொம்பைத் தீய்ப்பதும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கொம்பு மொட்டாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். காயடிப்பை 3 மாதம் தாண்ட விடக் கூடாது. வலி குறைக்கும் மருந்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பால்மறக்கடிக்கும் கன்றை அன்றைக்கே சந்தைக்கு ஏற்றுவது மிகக் கெட்ட பழக்கம். நல்ல வேலிக்கு இந்தப் பக்கம் கன்று, அந்தப் பக்கம் தாய் என்று ஒரு வாரம் விட்டால், பார்த்துக்கொண்டும் முகர்ந்துகொண்டும் அடங்கிவிடும். கத்திக் களைத்து நோய்ப்படாது. பண்ணையிலேயே 45 நாள் வைத்து, தொட்டியில் தின்னவும் குடிக்கவும் பழக்கி விற்ற கன்றுக்கு வாங்குவோர் கூடுதல் விலை தருகிறார்கள்.

கோடையில் ஒடுக்குப் பாதை வேலையை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். மாலையில் செய்யலாம் என்பார்கள். பகல் முழுதும் ஏறிய உடற்சூடு மாட்டுக்கு இரவில்தான் இறங்கும். மாலை வேலை அதன் மேல் இன்னும் சூட்டை ஏற்றும். 2022 ஜூனில் தென்மேற்குக் கான்சாஸில் வெப்பமும் ஈரமும் சேர்ந்து காற்று நின்றபோது குறைந்தது 2,000 மாடுகள் இறந்தன. பெரிய மாடு ஒன்றுக்கு அத்தகைய நாளில் 75 லிட்டர் தண்ணீர் வரை தேவைப்படும். தொட்டியின் கொள்ளளவைவிட, குழாய் எவ்வளவு வேகமாக நிரப்புகிறது என்பதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எழ முடியாத மாடு

எல்லோரும் தவிர்க்க விரும்பும் பாடம் இது. தவிர்க்காதீர்கள். 2008-இல் கலிஃபோர்னியாவின் ஓர் அறுப்புக்கூடத்தில், எழ முடியாத மாடுகளை இயந்திரத்தால் தள்ளியும் கரண்ட் வைத்தும் எழுப்பிய காட்சி வெளியானது. சுமார் 6.5 கோடி கிலோ இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு, எழுந்து நிற்க முடியாத வளர்ந்த மாட்டை மனித உணவுக்காக அறுப்பதை அமெரிக்க வேளாண் துறை முற்றிலும் தடை செய்தது.

அந்த மாடுகள் அறுப்புக்கூடத்தில் நோய்ப்படவில்லை. அதற்குப் பல வாரம் முன்பே, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று யாரோ ஒரு பண்ணையில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். உடல் மெலிவை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையைக் கற்றுக்கொடுத்து, விலா எலும்பும் இடுப்பெலும்பும் துருத்தத் தொடங்கும் முன்பே, நடக்கும் பலம் இருக்கும்போதே மாட்டை விற்கச் சொல்லுங்கள். நடக்க முடியாததை லாரியில் ஏற்றக் கூடாது, இழுக்கவே கூடாது. தேறாது என்று தெரிந்த மாட்டின் வேதனையை அன்றே முடித்துவைக்க வேண்டும். யார் செய்வது, எந்தக் கருவியால், நெற்றியில் எந்த இடத்தில் என்பதைக் கால்நடை மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கூண்டின் அருகே ஒட்டிவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் ஊழியரின் மனமும் நோகும். ஒரே ஆளிடம் எப்போதும் அதைச் சுமத்தாதீர்கள்.

வகுப்பை யாருக்கு நடத்துவது

பண்ணை முதலாளியை மட்டும் அழைத்து நடத்தும் வகுப்பால் மாட்டுக்குப் பயன் குறைவு. கூண்டில் நிற்பவர், குதிரையில் போய் நோய்ப்பட்ட மாட்டைப் பிரிப்பவர், லாரி ஓட்டுபவர், விடுமுறைக்கு உதவ வரும் பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும். அமெரிக்காவில் மாடுகளைக் கொழுக்கவைக்கும் பெரிய பட்டிகளில் வேலை செய்வோர் பலருக்கு ஸ்பானிஷ்தான் தாய்மொழி; பாடம் அந்த மொழியில் இருக்க வேண்டும், மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவது போதாது. மேற்பார்வையாளரை முதலில் பிடியுங்கள். நாளைக்கு இத்தனை மாடு முடிய வேண்டும் என்று நெருக்குபவர் அவர்தான். அவர் மாறாவிட்டால் கற்றுக்கொண்ட தொழிலாளி ஒரு வாரத்தில் பழைய வழிக்குத் திரும்பிவிடுவார்.

காலையில் ஒரு மணி நேரம் பேச்சு, மீதி முழுதும் பட்டியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது அன்றைய எண்ணிக்கைத் தாளின் ஒரு பிரதியைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்குள் இன்னொரு நாள் வந்து எண்ணுவதாகச் சொல்லி, அந்தத் தேதியையும் அதிலேயே எழுதுங்கள். அறுப்புக்கூடத்திலிருந்து அந்தப் பண்ணை மாடுகளின் தழும்பு, அடிபட்ட காயம், கறுத்த இறைச்சி விவரம் கிடைக்குமானால் கேட்டு வாங்கி, இரண்டாம் முறை போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.